எரிமலையும் வாக்குச்சீட்டும்: திரிஸ்தான் ட கூன்யாத் தீவினரின் 1961 இடப்பெயர்வைச் சொல்லும் மூன்று பனுவல்கள்

ஆய்வுச்சுருக்கம்

தென் அட்லாண்டிக் கடலில் உள்ள திரிஸ்தான் ட கூன்யாத் தீவில் 1961 அக்டோபரில் எரிமலை வெடித்ததால் அதன் மக்கள் அனைவரும் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஓராண்டுக்குப்பின் நடந்த வாக்கெடுப்பில் 148 பேர் தீவுக்குத் திரும்பவும் 5 பேர் இங்கிலாந்தில் தங்கவும் வாக்களித்தனர். இந்நிகழ்விலிருந்து பிறந்த எர்வே பஸேனின் பிரெஞ்சு நாவல் (1970), பீட்டர் முங்க்கின் சமூகவியல் நூல் (1971), ஸின்னி ஹாரிஸின் ஆங்கில நாடகம் (2000) ஆகிய மூன்றையும் இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. மூன்றும் தீவினர்பால் பரிவுடையவை. எனினும், திரும்பிச் செல்லும் முடிவைத் தீவினர் தாமே எண்ணித் துணிந்த முடிவாக ஏற்பதில் மூன்றும் வெவ்வேறு அளவில் தடுமாறுகின்றன என்பது இங்கு நிறுவப்படும் கருத்து.

திறவுச்சொற்கள்: திரிஸ்தான் ட கூன்யா, எரிமலை, இடப்பெயர்வு, பேரிடர் இலக்கியம், எர்வே பஸேன், பீட்டர் முங்க், ஸின்னி ஹாரிஸ், பொன்னுலகுப் புனைவு

முன்னுரை

பேரிடர் இலக்கியம் என்று இன்று வகைப்படுத்தப்படும் எழுத்துகளில் எரிமலைக்கு ஒரு தனி இடம் உண்டு. வெள்ளமும் வறட்சியும் முன்பும் வந்தவை, மீண்டும் வருபவை. எரிமலையோ ஓர் ஊரின் வரலாற்றை முன், பின் என்று இரண்டாக வெட்டிவிடுகிறது. படைப்பாளிக்கு இது பெரும் வசதி. தொடக்கம், உச்சம், முடிவு மூன்றையும் இயற்கையே அமைத்துத் தந்ததுபோல் ஆகிவிடுகிறது. அவ்வசதியே ஆபத்தாகவும் முடியலாம். வெடிப்பின் பேரொலியில் அதற்குப்பின் மனிதர்கள் பேசியது கேளாமற் போகக்கூடும்.

திரிஸ்தான் ட கூன்யாவின் நிகழ்வு இவ்வகையில் ஆராய்தற்குரியது. அங்கு எரிமலை எவரையும் கொல்லவில்லை. ஊரின் பெரும்பகுதி அழியவுமில்லை. 1883இல் கிரக்கத்தோவாவிலும் 1902இல் மர்த்தினிக் தீவிலும் பல்லாயிரவர் மாண்டதை எண்ணினால், திரிஸ்தானில் நிகழ்ந்ததை எரிமலையியலார் சிறு வெடிப்பென்றே கொள்வர். ஆனால் ஒரு சமூகம் முழுவதும், கைக்குழந்தை முதல் முதியோர் வரை, ஒரே நாளில் தன் மண்ணைவிட்டு நீங்கி, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் பெரும்பாலும் முழுமையாகவே அம்மண்ணுக்குத் திரும்பிய வரலாறு அரிது. எழுத்தாளர்களை ஈர்த்தது வெடிப்பு அன்று, திரும்புதலே. ஏன் திரும்பினர் என்ற வினாவுக்கு ஒவ்வோர் எழுத்தாளரும் தத்தம் காலத்தின் தேவைக்கேற்ப விடை கண்டனர். அவ்விடைகளின் பெறுமதி என்ன என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

தீவும் நிகழ்வும்

திரிஸ்தான் ட கூன்யா செயிண்ட் ஹெலனாவிலிருந்து சுமார் 2,400 கிலோமீட்டரும் கேப்டவுனிலிருந்து சுமார் 2,800 கிலோமீட்டரும் தொலைவில் உள்ளது. தீவின் பரப்பு 100 சதுரக் கிலோமீட்டரை எட்டாது. அதன் நடுவில் 2,062 மீட்டர் உயரமுள்ள எரிமலை முகடு. வடமேற்கில் உள்ள சிறு சமவெளி ஒன்றே குடியிருப்புக்கு இடம் தருகிறது. நெப்போலியனைச் சிறைவைத்திருந்த செயிண்ட் ஹெலனாவுக்குக் காவலாக 1816இல் இங்குப் பிரித்தானியப் படைப்பிரிவு ஒன்று நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு படை விலகியபோது வில்லியம் கிளாஸ் என்னும் ஸ்காட்லாந்துப் படைவீரர் தம் மனைவி மக்களுடனும் இரு தோழர்களுடனும் அங்கேயே தங்கினார். அவர்கள் 1817 நவம்பரில் எழுதிக்கொண்ட உடன்படிக்கை புகழ்பெற்றது. உடைமையிலும் வருவாயிலும் அனைவர்க்கும் சமபங்கு, ஒருவர்க்கொருவர் மேலோர் கீழோர் இல்லை என்பன அதன் சாரம். பின்னர் 1827இல் செயிண்ட் ஹெலனாவிலிருந்து பெண்கள் சிலர் வந்து சேர்ந்தனர். கப்பலுடைந்து கரையொதுங்கியோரும் திமிங்கில வேட்டைக் கப்பல்களிலிருந்து இறங்கியோரும் குடியேற, கிளாஸ், ஸ்வெய்ன், கிரீன், ரோஜர்ஸ், ஹாகன், ரெப்பெட்டோ, லவரெல்லோ என்னும் ஏழு குடும்பப் பெயர்கள் நிலைத்தன. இவ்வேழு பெயர்களும் பின்னர் நாடகம் பற்றிய பகுதியில் முக்கியத்துவம் பெறும்.

இச்சமூகம் வெளியுலகு அறியாத ஆதிச் சமூகம் என்ற எண்ணம் 1961இலேயே தவறானது. இரண்டாம் உலகப்போரின்போது 1942இல் கடற்படைக் கண்காணிப்பு நிலையம் அமைந்தது. அதனுடன் பணப்புழக்கமும் வந்தது. 1949 முதல் சிங்கி இறால் பிடித்துப் பதப்படுத்தும் நிறுவனம் இயங்கியது. தீவின் ஆடவர் பலர் கூலி பெறும் மீனவராகவும் பெண்டிர் தொழிற்சாலைப் பணியாளராகவும் இருந்தனர். அதே வேளையில் உருளைக்கிழங்குத் தோட்டமும் ஆடுமாடுகளும் கித்தான் போர்த்திய நெடும்படகும் அவரவர் குடும்பத்தின் கையில் இருந்தன. இரு பொருளாதாரங்களும் ஒரே வீட்டின் இரு கதவுகளாக இருந்தன எனலாம்.

1961 ஆகஸ்டில் நிலநடுக்கம் தொடங்கியது. அக்டோபர் தொடக்கத்தில் குடியிருப்பையொட்டியே நிலம் பிளந்து மேலெழுந்தது. அக்டோபர் 10 அன்று தீவினர் 264 பேரும் வெளியேறினர். அன்றிரவை அருகிலுள்ள நைட்டிங்கேல் தீவில் கழித்தபின், சிசடானே என்னும் டச்சுக் கப்பலில் கேப்டவுனுக்கும் அங்கிருந்து ஸ்டர்லிங் காசில் கப்பலில் சவுத்தாம்டனுக்கும் சென்றனர். நவம்பர் 3 அன்று இங்கிலாந்தில் இறங்கிய அவர்களை முதலில் சர்ரே மாவட்டத்தின் பெண்டெல் முகாமிலும், 1962 தொடக்கத்தில் சவுத்தாம்டனுக்கு அருகே கால்ஷாட்டில் விமானப்படையினர் விட்டுச்சென்ற குடியிருப்பிலும் தங்கவைத்தனர். தீவில் பழகாத நோய்க்கிருமிகள் அவர்களைத் தாக்கின. முதல் குளிர்காலத்திலேயே முதியோர் சிலர் நுரையீரல் நோயால் இறந்தனர். எரிமலை கொல்லாதவர்களை அடைக்கலம் கொன்றது என்று சொல்வது மிகையாகத் தோன்றலாம். ஆயினும் தீவினரின் பிற்கால முடிவைப் புரிந்துகொள்ள இதைவிட எளிய திறவுகோல் வேறில்லை.

1962இன் தொடக்க மாதங்களில் ராயல் சொசைட்டி அனுப்பிய ஆய்வுக்குழு தீவில் தங்கி ஆராய்ந்தது. எரிமலைக் குழம்பு இறால் தொழிற்சாலையையும் படகு இறங்கும் கரையையும் மூடிவிட்டது. வீடுகளிற் பெரும்பாலானவை அப்படியே நின்றன. இச்செய்தி கிடைத்தபின் திரும்பும் கோரிக்கை வலுத்தது. காலனி அலுவலகம் அதில் ஆர்வம் காட்டவில்லை. இறுதியில் 1962 டிசம்பரில் வயதுவந்தோரிடையே இரகசிய வாக்கெடுப்பு நடந்தது. 148க்கு 5. செல்வம் பெருகிவந்த இங்கிலாந்தைக் கண்டபின் அதை வேண்டாமென்று ஒரு சிறு கூட்டம் சொன்னதைப் பிரித்தானியச் செய்தித்தாள்கள் வியப்புடனும் சற்று மனத்தாங்கலுடனும் வெளியிட்டன. 1963 முடிவதற்குள் பெரும்பாலோர் ஊர் திரும்பினர்.

பேறுபெற்றோரும் பாழ்நிலமும்: பஸேனின் நாவல்

எர்வே பஸேன் (1911–1996) குடும்பம் என்னும் நிறுவனத்தைக் கடுமையாகச் சாடிய நாவல்களால் அறியப்பட்டவர். 1948இல் வெளிவந்த அவருடைய முதல் நாவல் கொடிய தாயொருத்தியைப் பற்றியது. அத்தகையவர் 1970இல் ஒரு முழுச் சமூகத்தையும் நாயகனாக்கி, பரிவோடு ஒரு நாவலை எழுதியது அவருடைய வாசகர்க்கு வியப்பாக இருந்திருக்க வேண்டும். நாவலின் தலைப்பைத் தமிழில் ‘பாழ்நிலத்தின் பேறுபெற்றோர்’ எனலாம். தலைப்பின் முதன்மைச் சொல் விவிலியத்தின் மலைப்பொழிவிலிருந்து வருவது. தமிழ்க் கிறித்தவ வழக்கில் ‘பாக்கியவான்கள்’ என்று முன்பும் ‘பேறுபெற்றோர்’ என்று இன்றும் வழங்கும் சொல்லுக்கு நிகரானது. ஏழையர், துயருறுவோர், சாந்தமுடையோர் ஆகியோரே பேறுபெற்றோர் என்னும் தலைகீழ் மதிப்பீடு நாவலின் கட்டமைப்பையே தீர்மானிக்கிறது. எது பாழ்நிலம்? எரிமலைத் தீவா, கடைத்தெருவும் போக்குவரத்தும் நிறைந்த இங்கிலாந்தா? வாசகர் எந்த விடைக்கு வந்து சேர வேண்டும் என்பதை நாவல் மறைக்கவில்லை.

இந்நாவல் 1968 மே மாதத்து மாணவர், தொழிலாளர் எழுச்சிக்கு இரண்டு ஆண்டுகளுக்குப்பின் பிரான்சில் வெளிவந்தது என்பது நோக்கத்தக்கது. நுகர்வுச் சமூகம் என்ற சொல்லாட்சி அப்போது அங்கு எல்லார் வாயிலும் இருந்தது. எழுச்சியடைந்த இளைஞர் சொல்லால் மறுத்ததைத் தீவினர் வாக்கால் மறுத்தனர் என்று பஸேன் கண்டார். அவருக்கு இந்நிகழ்வு வானிலிருந்து விழுந்த உவமை. புனைந்திருந்தால் எவரும் நம்பியிரார். வரலாறே நிகழ்த்திக் காட்டியதால் நம்பாமல் இருக்க இயலவில்லை. நாவல் பல இடங்களில் செய்தி நடப்பியலைத் தழுவிச் செல்வதன் காரணம் இதுவே.

நாவலின் உண்மையான வலிமை அதன் கூட்டு நாயகத்தன்மை. தனிமனித உளவியலை நுணுகி எழுதிப் பழகிய ஒருவர், ஒரு குழு எவ்வாறு எண்ணுகிறது, எவ்வாறு தயங்குகிறது, எவ்வாறு ஒரு முடிவுக்கு வருகிறது என்பதைக் காட்ட முயன்றது துணிச்சலான செயல். திரும்பிச் சென்றோர் பழைமைக்கே திரும்பவில்லை, இங்கிலாந்திற் கண்டவற்றுள் பயன்படுவனவற்றைத் தேர்ந்துகொண்டனர் என்பதையும் பஸேன் அறவே காணாதவரல்லர்.

ஆயினும் உவமைக்கு ஒரு விலை உண்டு. உவமையாகும் பொருள் தன் சொந்தக் காரணங்களை இழந்துவிடும். திணைக்கோட்பாட்டுச் சொற்களில் கூறினால், பஸேன் தீவின் முதற்பொருளைக் கண்டார். அதன்மேல் ஓர் உரிப்பொருளை ஏற்றினார். இடையே இருந்த கருப்பொருளை விட்டுவிட்டார். தீவினர் ஏங்கியது ‘எளிய வாழ்வு’ என்னும் பொதுப்பொருளுக்காக அன்று. கிழங்குத் தோட்டத்தில் தத்தம் பாட்டனார் எழுப்பிய கற்சுவர், குடும்பப் பங்குள்ள படகு, தம் கையால் நூற்ற கம்பளி ஆகியன அவ்வேக்கத்தின் பொருள்கள். காதலருக்குப் பெண்கள் பின்னித்தரும் காலுறையில் வண்ணப் பட்டைகளின் எண்ணிக்கைக்கும் பொருளுண்டு என்ற அளவுக்குப் பொருள்களோடு ஒன்றிய வாழ்வு அது. அதை ‘நுகர்வு மறுப்பு’ என்று பெயரிடுவது, பொருளை விரும்பும் மக்களைப் பொருளைத் துறந்தோராகக் காட்டுவதாகும். மேலும், தீவினர் திரும்பிச் சென்றது கூலி தரும் இறால் தொழிலை மீண்டும் தொடங்கலாம் என்ற எதிர்பார்ப்புடன். பேறுபெற்றோர் சம்பளம் வாங்குவோராகவும் இருந்தனர் என்பது நாவலின் தலைப்புக்கு ஒவ்வாத உண்மை.

முங்க்: நெருக்கடி யாருடையது?

பீட்டர் முங்க் (1908–1984) இத்தீவை எழுதியோருள் மிக நீண்ட தொடர்புடையவர். நார்வே அறிவியல் பயணக்குழுவில் சமூகவியலாளராக 1937–38இல் தீவில் தங்கி ஆராய்ந்தார். தீவினர் கால்ஷாட்டில் இருந்தபோது அங்குச் சென்று கண்டார். அவர்கள் ஊர் திரும்பியபின் மீண்டும் தீவுக்குச் சென்றார். ‘பொன்னுலகில் நெருக்கடி’ என்று பொருள்படும் தலைப்புடன் 1971இல் வந்த அவருடைய நூல் சமூகவியல் நூலே எனினும், அதன் கதைசொல்லும் ஒழுங்கு இலக்கிய வாசிப்புக்கு இடமளிக்கிறது.

முங்க்கின் மையக் கருத்து இது. திரிஸ்தான் சமூகத்தை ஒன்றாக இணைத்தது தலைமையோ சட்டமோ அன்று. குடும்பங்கள் ஒன்றுக்கொன்று தாமே தேர்ந்து செய்துகொள்ளும் உதவியும் கைம்மாறுமே. எவரும் எவரையும் ஏவுவதில்லை. யாருக்கு உதவுவது என்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமையே அவர்களுக்கு விடுதலை. எனவே தொழிற்சாலைச் சங்கு அழைத்தபோதெல்லாம் கிழங்குத் தோட்டத்தை விட்டுவிட்டு வர அவர்கள் மறுத்தனர்; நிறுவனம் அதைச் சோம்பல் என்றது. முங்க் அதை வேறொரு மதிப்பீட்டு முறை என்றார். தீவைப் பற்றிய எழுத்துகளிலேயே இது மிகக் கூரிய அவதானிப்பு எனத் தயங்காமல் கூறலாம். வாக்கெடுப்பை விளக்க இதைவிட உறுதியான அடித்தளம் பஸேனிடமும் இல்லை, ஹாரிஸிடமும் இல்லை. கால்ஷாட்டில் அவர்களுக்கு வேலை கிடைத்தது, வீடு கிடைத்தது, கூலியும் தீவைவிட மிகுதி. கிடைக்காதது, இன்று யாருக்கு வேலை செய்வது என்று காலையில் தாமே முடிவுசெய்யும் உரிமை.

அவ்வாறாயின் தலைப்பில் ‘பொன்னுலகு’ ஏன்? இங்குதான் முங்க்கின் பனுவல் தன்னோடு முரண்படுகிறது. அவர் தரும் தரவுகள் ஒரு பொன்னுலகைக் காட்டவில்லை; கணக்குப் பார்த்து வாழும் ஒரு சமூகத்தைக் காட்டுகின்றன. யார் யாருக்கு எத்தனை நாள் உழைத்தார், யார் திருப்பிச் செய்யவில்லை என்ற நினைவுக் கணக்கு அது. அச்சமூகம் தன்னைப் பொன்னுலகாக எண்ணியதற்கும் அவருடைய நூலில் சான்றில்லை. 1885 நவம்பரில் வாணிகத்தின் பொருட்டுக் கப்பலொன்றை நோக்கிப் படகில் சென்ற 15 ஆடவர் மீளவில்லை. கைம்பெண்களின் தீவாக எஞ்சிய அத்தீவை விட்டுவிடுமாறு பின்னர் பலமுறை அறிவுறுத்தப்பட்டும் மக்கள் விலகவில்லை. இத்தகைய நினைவுடைய ஊர் தன்னைத் துயரமற்ற நாடாகக் கருதியிராது. பொன்னுலகு என்பது பார்த்தவர் கொண்டுவந்த சொல். 1937இல் தீவுக்கு வந்த ஐரோப்பிய இளைஞர் பின்னர்த் தம் கண்டம் போரில் எரிந்ததைக் கண்டார் என்பதை நினைத்தால் அச்சொல்லின் பிறப்பிடம் விளங்கும். நெருக்கடி பொன்னுலகுக்கு நேர்ந்ததா, பொன்னுலகைத் தேடியவர்க்கு நேர்ந்ததா என்ற ஐயம் நூலை மூடும்போதும் தீரவில்லை.

ஹாரிஸ்: பெயரும் குற்றமும்

‘மிகத் தொலைவினும் தொலைவானது’ எனத் தமிழில் கூறத்தக்க தலைப்புடைய ஸின்னி ஹாரிஸின் நாடகம் 2000இல் எடின்பரோவின் டிராவர்ஸ் அரங்கில் மேடையேறியது. ஐந்தே பாத்திரங்கள்: மில், அவள் கணவன் பில், அவர்களுடைய வளர்ப்பில் நின்ற பிரான்சிஸ், ரெபேக்கா, வெளியிலிருந்து வரும் ஆலை முதலாளி ஹான்சென். முதற்பகுதி தீவில், எரிமலை வெடித்தபின் இரண்டாம் பகுதி சவுத்தாம்டன் தொழிற்சாலையில். 2023இல் லண்டனின் யங் விக் அரங்கு இதை மீண்டும் மேடையேற்றியது என்பது நாடகத்தின் நிலைபேற்றுக்குச் சான்று.

பஸேனின் பேறுபெற்றோருக்கு நேர்மாறான இடத்திலிருந்து ஹாரிஸ் தொடங்குகிறார். இத்தீவு களங்கமற்ற தீவன்று. போர்க்காலத்தில் கப்பல் வராமல் பஞ்சம் வந்தபோது, உயிர்பிழைப்போர் யார் என்பதைச் சீட்டெடுத்து முடிவுசெய்து, மற்றவர்களை வேறொரு தீவில் விட்டுவந்தனர் என்னும் கொடிய இரகசியம் நாடகத்தின் பின்பகுதியில் வெளிப்படுகிறது. எரிமலை இங்கு இயற்கை நிகழ்வு மட்டுமன்று. புதைக்கப்பட்ட குற்றவுணர்வு நிலத்தைப் பிளந்துகொண்டு வெளிவருவதன் குறியீடு. தீவுக்குத் திரும்ப வேண்டுமென்ற வேட்கையும் இன்ப நினைவால் எழுவதன்று. இறந்தோரை அங்கே விட்டுவிட்டு வேறிடத்தில் வாழ இயலாது என்னும் கடப்பாட்டால் எழுவது. நாடகக் கலை நோக்கில் இது பஸேனின் தீர்வைவிடப் பன்மடங்கு வலியது. மாசற்றோரின் ஏக்கம் இரக்கத்தைத் தரும். மாசுற்றோரின் ஏக்கமே அவலத்தைத் தரும்.

இரண்டாவதாக, அதிகாரத்தின் பொய்யை மேடையேற்றியவர் ஹாரிஸ் மட்டுமே. தீவு வாழத்தகுந்த நிலையில் இருப்பதை அறிந்தும் அதைத் தீவினரிடமிருந்து மறைப்பது நாடகத்தின் இரண்டாம் பகுதியை இயக்கும் விசை. வரலாற்றில் இத்தகைய அப்பட்டமான பொய் சொல்லப்பட்டதாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் காலனி அலுவலகத்தின் தயக்கம், காலங்கடத்தல், தீவினரின் நன்மை எது என்பதைத் தானே அறியும் என்ற அதன் நம்பிக்கை ஆகியவற்றின் செறிவான நாடக வடிவமாக அப்பொய்யைக் கொள்ளலாம். பேரிடரின் பின் அகதிகளிடமிருந்து முதலில் பறிக்கப்படுவது தம் ஊரைப் பற்றிய செய்தி என்னும் உண்மையை இந்நாடகம் அளவுக்கு வேறெப்பனுவலும் காட்டவில்லை.

எனினும் ஒரு தடை எழுகிறது. அதை எளிதில் கடக்க இயலவில்லை. சீட்டெடுத்து மக்களைக் கைவிட்ட நிகழ்வுக்குத் தீவின் பதிவுசெய்யப்பட்ட வரலாற்றில் சான்று கிடையாது. புனைவுக்கு அவ்வுரிமை உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஹாரிஸின் பாத்திரங்கள் லவரெல்லோ, ஸ்வெய்ன், ரோஜர்ஸ் என்னும் குடும்பப் பெயர்களைத் தாங்குகின்றன. பெருநகரத்தைப் பற்றிய நாடகத்தில் ஒரு குடும்பப் பெயர் எவரையும் சுட்டாது. ஏழே குடும்பப் பெயர்களும் 300க்கும் குறைவான மக்களும் உள்ள ஊரில் அது உயிரோடிருப்போரைச் சுட்டும். எடின்பரோவின் பார்வையாளர்க்கு லவரெல்லோ என்பது இனிய ஓசையுடைய கடல்கடந்த பெயர். தீவில் அது அடுத்த வீடு. தீவின் பெயரை நாடகம் தெளிவாக்காமல் விட்டபின், குடும்பப் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டது ஏன் என்பதற்கு நாடகத்துக்குள்ளிருந்து விடை கிடைக்கவில்லை. நம்பகத்தன்மையின் மணத்தை விரும்பி அதன் பொறுப்பை ஏற்காதிருத்தல் என்று கூறுவது கடுமையாயினும் பொருந்தும்.

நாடகத்தின் பேச்சுமொழியும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. தீவினரின் ஆங்கிலம் தனித்தன்மை வாய்ந்தது. உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களின்முன் ஹகர ஒலி சேர்வதும், ஒருமை பன்மை வேறுபாடின்றி ஒரே வினைவடிவம் வருவதும் அதன் இயல்புகளிற் சில. இங்கிலாந்தில் தீவினர் இருந்த காலத்து ஒலிப்பதிவுகளைக் கொண்டு ஆர்னே செட்டர்ஸ்டென் 1969இல் ஒரு நூல் வெளியிட்டார்; பின்னர் டேனியல் ஷ்ரையர் தீவிலேயே கள ஆய்வு செய்து 2003இல் விரிவான நூலொன்றைத் தந்தார். ஹாரிஸ் இவ்வழக்கின் சில கூறுகளை எடுத்து ஒரு மேடைமொழியை ஆக்கினார். மில்லின் வாயில் அது அருமையாக ஒலிக்கிறது. தயக்கமும் பிடிவாதமும் ஒரே சொல்லில் வருகின்றன. தமிழில் வட்டார வழக்கு எழுத்தைப் பற்றி நடந்த நெடிய விவாதங்களை அறிந்தோர் இங்கு ஒரு வேறுபாட்டைக் காண்பர். கரிசல் வழக்கை எழுதிய கி. ராஜநாராயணன் அவ்வழக்கின் உள்ளிருந்து எழுதினார். கதைசொல்லியும் அம்மொழியிலேயே சிந்தித்தான். ஹாரிஸின் நாடகத்திலோ ஹான்சென் பொதுமொழி பேச, தீவினர் மட்டும் வழக்கு பேசுகின்றனர். பார்வையாளரின் செவி ஹான்செனின் பக்கத்தில் அமர்ந்து தீவினரைக் கேட்கிறது. அவர்களுக்காக வருந்தும்போதும் அந்த இருக்கை மாறுவதில்லை.

வாக்கெடுப்பு என்னும் பனுவல்

மூன்று பனுவல்களையும் அடுக்கிப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை புலப்படும். பஸேனின் தீவினர் தூய்மையால் திரும்புகின்றனர். ஹாரிஸின் தீவினர் குற்றவுணர்வால் திரும்புகின்றனர். முங்க்கின் தீவினர் மதிப்பீட்டு அமைப்பொன்றின் இயல்பால் திரும்புகின்றனர். மூன்றிலும் அவர்களை ஏதோ ஒன்று திரும்பச் செய்கிறது. அவர்களே திரும்பினர் என்ற வாக்கியத்தை எழுதுவது ஏன் இத்துணைக் கடினமாக இருக்கிறது?

153 வாக்குகள் அளிக்கப்பட்டன. வாக்களித்தோர் இரு வகை வாழ்வையும் நேரில் அறிந்தவர்கள். ஓராண்டுக்கு மேல் இங்கிலாந்தில் வேலை செய்தவர்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவர்கள். குளிர்காலத்தில் முதியோரைப் புதைத்தவர்கள். உடல்நலம், கூலி, பேருந்துச் செலவு, மேலாளரின் குரல், தொழிற்சாலை இனி எப்போது கட்டப்படும், படகு எங்கே இறங்கும் என்பவற்றையெல்லாம் எடைபோட்டுத்தான் சீட்டை மடித்திருக்க வேண்டும். இரகசிய வாக்கெடுப்பில் ஒருவர் தம் காரணத்தை எழுதுவதில்லை. 148 சீட்டுகளுக்குப் பின் ஒரே காரணம் இருந்தது என்று கொள்ள எவ்வித நியாயமும் இல்லை. இலக்கியத்துக்கு ஒரே காரணம் தேவைப்பட்டது. எனவே அது ஒன்றைக் கண்டுபிடித்தது. அந்த ஐந்து பேரோ மூன்று பனுவல்களிலும் எண்ணாகவே நின்றுவிட்டனர் என்று சொல்லும் அளவுக்கு ஒதுங்கியிருக்கின்றனர். தன் ஊரார் அனைவரும் ஒருபக்கம் நிற்க, மறுபக்கம் சீட்டிட்ட ஒருவரின் நிலையை எழுத ஒரு நாவல் தனியே தேவைப்படும். பஸேனின் கூட்டு நாயகம் அதற்கு இடந்தரவில்லை. ஐந்து பாத்திரங்களே உடைய ஹாரிஸின் நாடகம் தந்திருக்கலாம்.

திரும்பியபின் நிகழ்ந்தவையும் ஒற்றைக் காரணத்தை ஏற்பதில்லை. 1966இல் தீவினர் சுமார் 35 பேர் மீண்டும் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களிற் பலர் பின்னும் ஒருமுறை ஊர் வந்தனர். பொன்னுலகுக் கதைக்கு இது பின்னடைவு. ஆகவே பெரும்பாலும் அடிக்குறிப்பாகிவிடுகிறது. போவதும் வருவதும் இனித் தம் விருப்பம் என்று ஒரு சமூகம் கண்டுகொண்டதன் அடையாளமாக இதை வாசிக்கத் தடையேதுமில்லை. 1961இல் அவர்களைக் கப்பலேற்றியது எரிமலை. 1966இல் கப்பலேறியவர்கள் தாமே ஏறினர்.

இதே காலத்தில் தீவில் ஒரு சிறு துறைமுகம் கட்டப்பட்டது. எரிமலைக் குழம்பு பழைய இறங்குகரையை மூடிவிட்டதால் இது இன்றியமையாததாயிற்று. 1967இல் பயன்பாட்டுக்கு வந்த அத்துறைமுகத்துக்கு இடப்பட்ட பெயர் கால்ஷாட். நோயும் குளிரும் மேலாளரின் குரலும் சூழ்ந்திருந்த ஓர் அகதிக் குடியிருப்பின் பெயர் அது. அங்கே அவர்களுக்குக் கிடைத்த அண்டை வீட்டாரின் அன்பின் பெயரும் அதுவே. அப்பெயரை நுகர்வு மறுப்பாகவும் வாசிக்க இயலாது, குற்றவுணர்வாகவும் வாசிக்க இயலாது. கடல் அமைதியாக உள்ள காலைகளில் குடியிருப்பில் மணி ஒலிக்கிறது. படகுகள் கால்ஷாட்டிலிருந்து சிங்கி இறால் பிடிக்கப் புறப்படுகின்றன.